அம்மா தைத்த சீட்டுகள்

எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த தையல் மெஷினில் அம்மா எனக்கு ஒரு பாவாடைகூடத் தைத்துத் தந்ததில்லை. அது லாரி சீட் தைக்கிற மெஷின். 18ஆம் நம்பர் ஊசி போட்டு, ரெக்சினை இரண்டாக மடித்து அம்மா மிதிக்கும்போது திண்ணை அதிரும். அந்தச் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன், பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் மனப்பாடம் செய்தேன். ஊசி உடைந்தால் மட்டும் சத்தம் நிற்கும். உடைந்த ஊசியின் காசு அம்மா கூலியில் கழியும்.

எருமப்பட்டி கொல்லிமலை அடிவாரத்து ஊர். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகிற சாலையில் இருக்கிறது. வெங்காயம், மரவள்ளி, கோழிப்பண்ணை என்று பிழைப்பு ஓடினாலும், எங்கள் பக்கத்து ஆண்களில் பலர் ஏதோ ஒரு வகையில் லாரியோடு ஒட்டியவர்கள். நாமக்கல்லுக்கு அன்றைக்கு சேஸ் மட்டும்தான் வரும். நான்கு பக்கமும் திறந்த அந்த இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் டிரைவர் ஓட்டி வருவார். பட்டறையில் அதற்கு கேபின் கட்டுவார்கள், பாடி கட்டுவார்கள். ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயின்டர் என்று ஒவ்வொரு கையாக அதன்மேல் ஏறி இறங்கி, சில வாரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி லாரி வெளியே போகும்.

அப்பா பெயின்டர். எழுத்து வேலை அவருடையது. முதலாளியின் குலதெய்வம், முதலாளியின் பிள்ளைகள் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அவர் கையெழுத்தில் இந்தியா முழுக்க ஓடின. எழுதி முடித்ததும் பின்பலகையின் ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்தில், தன் பெயரைப் போட்டு ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வார். முன்முகத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். நெற்றியில் முதலாளியின் பெயர். பின்னால் மூலையில் அப்பாவின் பெயர். அம்மா தைத்த சீட்டில் யார் பெயரும் இல்லை. அதன்மேல் டிரைவர் உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் அம்மாவும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். குஷன் கடைக்காரர் நாலைந்து பெண்களிடம் ரெக்சினைப் பிரித்துக் கொடுப்பார். எல்லாம் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்தபின் ‘உன்னுது எட்டுதான்’ என்று எண்ணிக்கையில் குறைத்துவிட்டால் பேச முடியாது. அதனால் ஒவ்வொரு உறையின் உள்மடிப்பிலும் கடைசி இரண்டு விரற்கடைக்கு மட்டும் அம்மா சிவப்பு நூல் ஓட்டுவார். சண்டை வந்தால் புரட்டிக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான். அதில் வேறு அழகெல்லாம் கிடையாது. ஊரில் யாராவது ‘உங்கம்மா என்ன பண்றாங்க?’ என்று கேட்டால், ‘வீட்லதான் இருக்காங்க’ என்றுதான் நான் சொல்வேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வார். ‘இவரு சம்பாத்தியத்துக்குக் கூடமாட ஒத்தாசையா நாலு தையல் போடறதுதான் கண்ணு. அது என்ன பெரிய வேலையா?’

தமிழ் முதுகலை முதல் வாரத்தில் எங்கள் பேராசிரியர் ‘சங்கம்’ என்ற சொல்லை விளக்கினார். புலவர் கூடிய அவை, வடசொல், பிற்காலத்தார் இட்ட பெயர் என்று பாடம் போனது. எனக்கு நாமக்கல்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் சங்கம் என்றால் லாரி உரிமையாளர் சங்கம், டேங்கர் லாரி உரிமையாளர் சங்கம். டீசல் விலை ஏறினால், சுங்கக் கட்டணம் ஏறினால் நாமக்கல்லிலிருந்து அறிக்கை வரும். லாரிகள் நின்றுவிடும். அரசாங்கம் பேச்சுக்குக் கூப்பிடும். முட்டைக்குக்கூட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. நாமக்கல் மண்டலத்தில் இன்றைக்கு ஒரு முட்டை என்ன விலை என்று அது தினமும் அறிவிக்கிறது. அந்த முட்டையைப் பொறுக்கி அட்டையில் அடுக்குகிற பெண்ணுக்கு இன்றைக்கு என்ன கூலி என்று எந்த அறிவிப்பும் வந்து நான் பார்த்ததில்லை. அப்பா எந்தச் சங்கத்திலும் இருந்தவரில்லை. அம்மாவுக்கு அப்படி ஒன்றில் இருக்கலாம் என்றே தெரியாது.

தமிழ்த்துறையில் நாங்கள் திரு.வி.க.வை உரைநடைக்காகப் படித்தோம். 1918 ஏப்ரலில் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி. வாடியாவோடு நின்றவர் அவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக அதை எழுதியிருக்கிறேன். என் வீட்டுத் திண்ணைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு படம். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு ஆங்கிலத்துறைத் தோழி ‘மேட் இன் டேகன்ஹாம்’ என்ற படத்தைத் திரையிட்டார். 2010இல் வந்தது. லண்டனை அடுத்த டேகன்ஹாமில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில் 1968இல் நடந்த வேலைநிறுத்தம்தான் கதை. முதல் காட்சிகளில் ஒரு கூடம் நிறையப் பெண்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கார் சீட்டுக்கு உறை தைக்கிறார்கள். அந்த மெஷின் சத்தம் வந்ததும் எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

படம் முடிந்தபின் தேடிப் படித்தேன். அந்த ஆலையில் சீட் தைத்த பெண்கள் 187 பேர். கம்பெனி எல்லா வேலைகளையும் தரம் பிரித்தபோது, இவர்கள் வேலையைத் திறன் குறைந்த ‘பி’ தரத்தில் வைத்தது. அதிலும் அதே தரத்து ஆணுக்குக் கொடுப்பதில் 85 சதவீதம்தான் பெண்ணுக்கு. இத்தனைக்கும் தையல் சோதனையில் தேறினால்தான் அங்கே வேலையே கிடைக்கும். 1968 ஜூன் 7 அன்று அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீட் இல்லாமல் காரை எப்படி விற்பது? கொஞ்ச நாளில் ஆலையே நின்றது. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆண்களில் சிலர் கூட நின்றார்கள், சிலர் ஏசினார்கள். மூன்று வாரம் கழித்து, வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பார்பரா காசில் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசினார். கூலி ஆண்களுடையதில் 92 சதவீதமாக உயர்ந்தது. 1970இல் இங்கிலாந்தில் சம ஊதியச் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது.

படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. வரலாறு அங்கே முடியவில்லை. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது ‘எங்கள் வேலையும் திறன் உள்ள வேலைதான் என்று எழுது’ என்பதை. அது அன்றைக்குக் கிடைக்கவில்லை. 1984இல் மறுபடி ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தபிறகே அவர்களுடைய வேலை ‘சி’ தரத்துக்கு ஏறியது. பதினாறு ஆண்டு. கூலியைக் கூட்டித் தருவதைவிட, அது வேலைதான் என்று ஒப்புக்கொள்வது கம்பெனிக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

அன்றிரவு அம்மாவுக்கு போன் செய்து இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். ‘ஊசி யாரு காசு?’

அதற்குப் பிறகு அமெரிக்கக் கார் ஆலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்த ஒருத்திக்கு இது எதற்கு என்று தோழிகள் கேலி செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு கதையிலும் எங்கேயோ ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தார். உலகமே வியந்தது. இன்றைக்கும் மேலாண்மைப் பாடத்தில் அது பெருமையாக வரும். அந்த ஐந்து டாலர் முதலில் பெண்களுக்குக் கிடையாது. ஆணுக்கும் சும்மா கிடைக்காது. கம்பெனியின் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, அவன் குடிக்கிறானா, மனைவி ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறாளா, சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். பெண்ணின் அடுப்படியைச் சோதித்து ஆணின் கூலியை முடிவு செய்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு பாடி கட்டுகிற ஃபிஷர் பாடி ஆலைகள் அங்கே இருந்தன. பாடி கட்டுகிற ஊர் என்று படித்ததும் எனக்கு அது நாமக்கல் மாதிரியே தெரிந்தது. 1936 டிசம்பர் 30 அன்று அங்கே தொழிலாளிகள் ஆலைக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே நின்றால் வேறு ஆளை வைத்து ஓட்டிவிடுவார்கள் அல்லவா? 1935இல் தொடங்கிய ஐக்கிய மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தை கம்பெனி ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. 44 நாள் அந்த உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. அதன் புகைப்படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. தொழிலாளிகள் ஆலைக்குள் கார் சீட்டுகளை வரிசையாகப் போட்டு, அதில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆலையிலும் துணி வெட்டித் தைக்கும் பிரிவில் பெண்கள் வேலை செய்தார்கள். போராட்டம் தொடங்கியதும் ஆண்களும் பெண்களும் ராத்திரி ஒன்றாய்த் தங்கினால் பேர் கெட்டுவிடும் என்று பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டுகள் உள்ளே இருந்தன, தைத்தவர்கள் வெளியே.

வெளியே வந்தவர்களும் தொழிலாளிகளின் மனைவிமாரும் சும்மா இருக்கவில்லை. 1937 ஜனவரி 11 அன்று போலீஸ் கண்ணீர்ப் புகை வீசித் தாக்கியபோது, ஜெனோரா ஜான்சன் என்ற 23 வயதுப் பெண் ஒலிபெருக்கியில் ஊர்ப் பெண்களை அழைத்தார். போலீஸ் வரிசையைத் தாண்டிப் பெண்கள் வந்து நின்றார்கள். அதன்பின் ஜெனோரா ‘பெண்கள் அவசரப் படை’ ஒன்றை அமைத்தார். சிவப்புத் தொப்பி போட்ட பெண்கள். பிப்ரவரியில் இன்னொரு ஆலைக்குள் புகை நிறைந்தபோது, வெளியிலிருந்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு விட வழி செய்தவர்கள் அவர்கள்தான். பிப்ரவரி 11 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் இறங்கி வந்து சங்கத்தோடு கையெழுத்துப் போட்டது. ஃபோர்டு இன்னும் நாலு ஆண்டு பிடிவாதமாக இருந்து 1941இல்தான் வழிக்கு வந்தது. அந்தச் சங்கம்தான் 2023 செப்டம்பரில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லான்டிஸ் என்ற மூன்று கம்பெனிகளையும் ஒரே நேரத்தில் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது.

ஃபோர்டு நம் ஊருக்கும் வந்தது. 1995இல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து, மறைமலை நகரில் ஆலை எழுப்பி, 1999இல் ஐகான் காரை இறக்கியது. எங்கள் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு அந்தப் பெயர் ஒரு கனவு. கல்யாணப் பேச்சில் ‘மாப்பிள்ளை கார் கம்பெனியில’ என்றால் அதற்குத் தனி மதிப்பு.

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. சுமார் 4,000 பேரின் வேலை பாதிக்கப்படும் என்றும் அதுவே சொன்னது. ஆலையில் சங்கம் இருந்தது. 2022 மே 30 அன்று, நல்ல இழப்பீடு வேண்டும் என்று தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். மூடப்போகிற ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் விநோதமாக இருக்கும். ஆனால் போகிறவனிடம் கணக்குக் கேட்க அவர்களுக்கு ஒரு மேசை இருந்தது, அதன் எதிரில் உட்கார ஓர் ஆள் இருந்தார். அந்த ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. அந்த ஆலையை நம்பி உதிரிபாகம் செய்த சிறு கம்பெனிகளில் ஒப்பந்தத்தில் இருந்த பெண்ணுக்கும் பையனுக்கும் அப்படி ஒரு மேசை கிடையாது. அவர்களுக்குச் செய்தியே டி.வி.யில்தான் வந்திருக்கும். 2024இல், ஏற்றுமதிக்காக அதே ஆலையைத் திறக்க விரும்புவதாக ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. கம்பெனிக்குத் திரும்பி வர ஆலை அங்கேயே இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

ஃபோர்டு அறிவித்த நான்காம் நாள், செப்டம்பர் 13 அன்று, ஓலா நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தான் கட்டும் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று அறிவித்தது. சேலத்துக்கும் தருமபுரிக்கும் பக்கம். என் வகுப்புப் பெண்கள் அந்தச் செய்தியை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். சீட் தைக்கத்தான் லாயக்கு என்று சொன்ன தொழிலில் பெண்கள் முழு வண்டியையும் பூட்டப் போகிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பெண்கள் என்பதே விளம்பரத்தில் ஓர் அடையாளமாக ஆனபின், எல்லா ஆலைகளிலும் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கேட்டால் அதே படத்தைப் பெருமையாகப் போடுவார்களா?

பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்பதை 2024இல் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். கார் ஆலை இல்லை, டி.வி.யும் ஃபிரிட்ஜும் செய்கிற சாம்சங் ஆலை. செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம். கேட்டதில் முதன்மையானது சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்று இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சட்டையில், அடையாள அட்டையில், பேருந்தில் எல்லாம் கம்பெனியின் பெயரைச் சுமக்கலாம். சேர்ந்து நிற்கும்போது மட்டும் அந்தப் பெயர் தொழிலாளியுடையது இல்லை.

இதுவரை எழுதியதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இனி எழுதப்போவதைப் பல நாள் தள்ளிப்போட்டேன்.

என் மாணவி ஒருத்தி. பி.ஏ. தமிழ். நன்றாகக் கவிதை எழுதுவாள். வீட்டில் கடன் இருந்ததால் மேலே படிக்க முடியவில்லை. காருக்கு ஒயரிங் செய்து தருகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கார்டில் ‘பயிற்சியாளர்’ என்று போட்டிருந்தது. இரண்டே வாரத்தில் வேலையைக் கற்றுக்கொண்டவள் இரண்டு ஆண்டாகப் பயிற்சியாளர்தான். விடுதியில் தங்கல், விடிகாலை நாலு மணிக்கு பஸ், போனைக்கூட வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். ஐந்து டாலருக்காக அடுப்படி பார்க்க வந்த ஆட்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவளுடைய வார்டன்தான் நினைவுக்கு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்தாள். சங்கத்தில் சேர்கிற படிவம். லைனில் ஏழெட்டுப் பேர் சேரப் போகிறார்களாம். ‘போடலாமா மேம்?’ என்றாள்.

ஃபிளின்ட் பற்றியும் டேகன்ஹாம் பற்றியும் வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசியவள் நான். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவள் என்னிடம் வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கொஞ்ச நாள் பொறு சாமி. பர்மனன்ட் ஆகட்டும். வேலையக் காப்பாத்திக்க.’ அவளுடைய கடனை நினைத்தேன், அவளுடைய அம்மாவை நினைத்தேன் என்று இன்றைக்குக் காரணம் சொல்லலாம். உண்மையில் நான் பயந்தேன். நாளைக்கு ஒன்று ஆனால் ‘டீச்சர்தான் சொன்னாங்க’ என்று வந்து நிற்பார்களே என்று பயந்தேன். அவள் தாளை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்துப் பயிற்சிக் காலம் முடிந்தது என்று அவளை அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரையும்தான். அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் கோபப்படவில்லை. ‘போட்டிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பாங்க மேம்,’ என்றாள். ‘ஆனா எதுக்கு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்.’

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சேர்க்கைப் படிவங்கள் சரிபார்க்கும் வேலை ஆண்டுதோறும் எனக்கு வரும். ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். ‘அம்மா காலையில எங்க போறாங்க?’ பண்ணையில் முட்டை எடுக்கிறார்கள், தறிக்கு நூல் சுற்றுகிறார்கள், மில்லுக்குப் போகிறார்கள், வெங்காயம் அறுக்கிறார்கள், தார்ப்பாய் தைக்கிறார்கள். அடித்து எழுதச் சொல்வேன். சிலர் வெட்கப்படுவார்கள். எனக்கு அந்த வெட்கம் தெரியும். என் முனைவர் பட்டப் பதிவுப் படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியது என் கைதான். அப்போதும் திண்ணையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது லாரிகள் கம்பெனியிலிருந்து கேபினோடும் சீட்டோடுமே வருகின்றன. அம்மாவின் மெஷின் துருப்பிடித்து நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓய்வூதியம் கிடையாது. அந்த வலிக்குக் காரணம் தையல் என்று எந்த ஆவணமும் சொல்லாது.

போன தைப் பொங்கலுக்கு அந்த மாணவி போன் செய்தாள். ஓசூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். நலம் விசாரித்து, அம்மாவின் கால்வலி விசாரித்து, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள். ‘இங்கயும் ஒரு ஃபாரம் வந்துச்சு மேம். இந்தத் தடவ உங்களக் கேக்கல. போட்டுட்டேன்.’